இழுக்காத வண்டி

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த மாப்பிள்ளை வெளியே வருவதாக இல்லை. அடியில் பார்க்க ஒன்றுமில்லை என்று அவருக்கே தெரியும். ஆனால் வெளியே வந்தால் வெல்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

“மாப்ளே, தூங்கிட்டீங்களா?”

“பாத்துட்டு இருக்கேன்.”

“நீங்க பாக்கறது சரி. வண்டி ஏதாவது சொல்லுச்சா?”

வண்டி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அதன் சொந்தக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“வண்டி டிரெய்லர் இழுக்கல. கொஞ்சம் பாத்து வைங்க. வாரக் கடைசில வரேன்.”

அவ்வளவுதான். சாவியை மேசையில் வைத்தார், நடையைக் கட்டினார். அவர் பல் டாக்டர். ஊரில் எல்லாரையும் வாயைத் திறக்க வைக்கிறவர், தன் வாயை மட்டும் அளந்துதான் திறப்பார்.

மாப்பிள்ளையும் “என்ன டாக்டர், எப்படி இழுக்கல? ஏத்தத்துலயா, சமதரையிலயா?” என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குக் காரணம் மாமனார்.

மாமனார் இந்தத் தொழிலில் பெரிய கை. வண்டி வாங்க, விற்க, பழுது பார்க்க, எதுவானாலும் ஊர்க்காரர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். அவர் தன் மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்: “கஸ்டமர் ஒரு தடவைதான் சொல்வான். திருப்பிக் கேட்டா நமக்குத் தொழில் தெரியலன்னு அர்த்தம்.”

அந்த ஒர்க்ஷாப்பில் மாப்பிள்ளையைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. முதலாளியின் மகளைக் கட்டியவர் என்பதால் வெல்டரிலிருந்து கஸ்டமர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான். கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒருவர்கூட வாய் தவறியாவது “மெக்கானிக்” என்று கூப்பிடவில்லையே என்ற ஏக்கம் அவர் மனசை அரித்துக்கொண்டிருந்தது.

இப்போது மாமனார் கண்ணில் புரை ஆபரேஷன் செய்துகொண்டு மூத்த மகள் வீட்டில் இருந்தார். போகும்போது ஒர்க்ஷாப் சாவிக்கொத்தை மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். கொடுத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. மாப்பிள்ளை ஒரு முனையைப் பிடித்த பிறகும் மாமனார் மறுமுனையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நான் வர்ற வரைக்கும் பாத்துக்கோங்க. நல்லாப் பாத்துக்கிட்டா நான் நிம்மதியா வீட்டுல உக்காந்துடுவேன். இல்லன்னா…”

இல்லையென்றால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. இல்லையென்றால் ஒர்க்ஷாப் சகலையின் கைக்குப் போகும். மாப்பிள்ளை பழையபடி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்று நட்டுக்கும் போல்ட்டுக்கும் விலை சொல்ல வேண்டும். மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் இன்னும் கொடுமை.

எனவே அவர் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

“டிரெய்லர் கோத்துப் பாத்துடுவோம்” என்றார்.

ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் சிமென்ட் கல் செய்து விற்கிறவர் இருந்தார். அவரிடம் டிரெய்லர் இருந்தது, கல்லும் இருந்தது. நாலு வரிசை கல்லை அடுக்கி, டிரெய்லரை டாக்டரின் பிக்கப் வண்டியின் பின்கொக்கியில் மாட்டினார்கள். கொக்கி பளபளவென்று இருந்தது. மாப்பிள்ளை ஓட்ட, வெல்டர் பக்கத்தில் உட்கார, தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற ஏற்றத்தில் வண்டி ஏறியது. அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போய், உச்சியில் நின்று, அடுத்து என்ன என்பதுபோல் உறுமியது.

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை.

“இழுக்குதே?” என்றார் வெல்டர்.

“இந்தக் கொஞ்சூண்டு பாரத்தை ஆடுகூட இழுக்கும். டாக்டர் இதையா இழுப்பாரு?”

“டாக்டர் எதை இழுப்பாரு? பல்லைத்தான் இழுப்பாரு.”

“சிரிக்காத. டாக்டர் இழுக்கலன்னு சொல்லியிருக்காரு. படிச்சவரு பொய்யா சொல்வாரு? பாரம் பத்தல, அதான்.”

திரும்பி வந்து இன்னும் கல் ஏற்றினார்கள். வண்டி ஏறியது. மறுபடியும் ஏற்றினார்கள். கொஞ்சம் முனகியது, ஆனாலும் ஏறியது. மாப்பிள்ளைக்குக் கோபமே வந்துவிட்டது. கடைசியில் கல்லுக்காரர் தன் டிரெய்லரின் டயரைப் பார்த்துவிட்டுக் குறுக்கே வந்து நின்றார்.

“இதுக்கு மேல ஒரு கல்லு வச்சீங்கன்னா எனக்கு டிரெய்லர் இருக்காது.”

“இன்னும் ரெண்டே ரெண்டு வரிசை.”

இந்தத் தடவை பாதி ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. அப்புறம் திணறி நின்றுவிட்டது. மாப்பிள்ளை ஸ்டீயரிங்கில் தட்டினார்.

“பாத்தியா? இழுக்கல! கண்டுபிடிச்சுட்டேன்!”

“மாப்ளே, இதை லாரிகூட இழுக்காது.”

“நீ வெல்டிங்கை மட்டும் பாரு.”

நின்ற வண்டியை ஏற்றவும் முடியவில்லை, பின்னால் எடுக்கவும் முடியவில்லை. பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஹாரனை அமுக்கிப் பிடித்தது. மாப்பிள்ளையும் வெல்டரும் நடுரோட்டில் கல்லைக் கையால் இறக்கி ஓரமாக அடுக்கினார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். அதில் இருவர் மாப்பிள்ளையை அடையாளம் கண்டு கையசைத்தார்கள். அவர் கல்லை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

இழுவை குறைந்தால் முதலில் டீசல் ஃபில்டரைப் பார் என்பது பாலபாடம். மாப்பிள்ளை ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே துளி அழுக்கு இல்லை. கழற்றியது கழற்றியாகிவிட்டது, புதுசாகவே போட்டுவிடுவோம் என்று போட்டார். போடும் அவசரத்தில் டீசல் லைனுக்குள் காற்று புகுந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் கிர்ர் கிர்ர் என்றதே தவிர உயிர் வரவில்லை. ஃபில்டருக்கு மேலே இருக்கும் சின்னக் கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். மாப்பிள்ளை அமுக்கினார். அவர் கட்டைவிரல் வீங்கியதும் வெல்டர் அமுக்கினார். ஒருவழியாக எஞ்சின் ஓடியது. ஆனால் இடைக்கிடை இருமியது.

“காலைல வந்தப்ப இருமலையே?” என்றார் வெல்டர்.

“அது உள்ளயே இருந்த இருமல். இப்பத்தான் வெளிய வருது.”

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

கண் டாக்டர் மாமனாரைக் குனியக்கூடாது, டிவி பார்க்கக்கூடாது, தூசியில் நிற்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். போன் பேசக்கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார்.

“என்ன மாப்பிள்ளை, என்ன வண்டி நிக்குது?”

“பல் டாக்டரோட டீசல் பிக்கப் மாமா. டிரெய்லர் இழுக்கலையாம்.”

“அவரோடதா? வண்டியைப் பூ மாதிரி வச்சிருப்பாரே. என்ன பண்ணீங்க?”

“ஃபில்டர் மாத்தினேன். சரியாயிடுச்சு.”

பொய் தானாகவே வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

“அப்படியா? ஸ்டார்ட் பண்ணி போனைக் கிட்ட வைங்க. சத்தத்தைக் கேப்போம்.”

பிக்கப் அப்போது இருமிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சுற்றும் முற்றும் பார்த்தார். வெல்டரின் பழைய வேன் நின்றது. அதுவும் டீசல்தான். சட்டென்று பிக்கப்பை அணைத்து, வேனைக் கிளப்பி, போனை அதன் மூக்கருகே பிடித்தார். மறுமுனையில் மாமனார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருப்பார். ஒரு கண் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“மாப்பிள்ளை.”

“சொல்லுங்க மாமா.”

“இது நம்ம வெல்டர் வேனாச்சே. பெல்ட்டை மாத்துடான்னு எத்தனை தடவைதான் அவன்கிட்ட சொல்றது?”

“அது… பக்கத்துல ஓடுது மாமா.”

“பிக்கப் சத்தமே கேக்கலையே?”

“அதான் மாமா. சத்தமே இல்லாம அவ்வளவு நல்லா ஓடுது.”

மாமனார் ஒருமுறை செருமினார். அப்புறம் “சரிங்க மாப்பிள்ளை” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அந்த “சரிங்க”வைக் கேட்டு மாப்பிள்ளைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெல்டர் வேறு வேனைக் கட்டிப்பிடித்து, “பெரியவருக்கு உன் குரல்கூட ஞாபகம் இருக்குடா” என்று கொஞ்சிக்கொண்டிருந்தார்.

ஃபில்டர் இல்லையென்றால் டர்போதான் என்று முடிவு செய்தார் மாப்பிள்ளை. டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணித்துத் தெம்பு கொடுப்பது. அதிலிருந்து வரும் ரப்பர்க் குழாயில் எங்காவது கசிந்தால் இழுவை போய்விடும். எங்கும் கசியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப்பை ஒரு சுற்று இறுக்கினார். இன்னும் ஒரு சுற்று. மனசு கேட்காமல் இன்னும் அரைச்சுற்று. புதுசுபோல இருந்த குழாய் டப்பென்று கிழிந்தது.

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி” என்றார் வெல்டர், பொதுவாக, கூரையைப் பார்த்து.

கிழிந்த இடத்தில் டேப்பைச் சுற்றிக்கொண்டு ஏற்றத்துக்கு ஓட்டிப் போனார்கள். முக்கு திரும்புவதற்குள் டேப் பிய்த்துக்கொண்டது. வண்டி விசில் அடித்தபடி கரும்புகையைக் கக்கியது. எதிரே சலவைக்கடை. கொடியில் வெள்ளைவெளேரென்று கோட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. புகை நேராக அங்கே போய் நின்று நிதானமாகப் படிந்தது.

சலவைக்கடை அக்கா வெளியே வந்து கோட்டுகளைப் பார்த்தாள், பிறகு வண்டியைப் பார்த்தாள்.

“மாப்பிள்ளை, இது யார் வண்டி?”

“பல் டாக்டரோடதுக்கா.”

“நல்லது. இது யார் கோட்டு தெரியுமா?”

மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. அவள் சொல்லாமலேயே தெரிந்துவிட்டது.

“அவர் வண்டி, அவர் கோட்டு. நடுவுல நீங்க ஏன் வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு அக்கா கோட்டுகளை உருவினாள். மாப்பிள்ளை வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். சாயந்திரம்வரை அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. சாப்பாட்டைப் போட்டபடியே மனைவி மெல்ல ஆரம்பித்தாள்.

“என்னங்க, இன்னும் இழுக்கலையா?”

பக்கத்து அறையில் மாப்பிள்ளையின் அம்மா படுத்திருந்தாள். அவளுக்குக் காது மந்தம். கேட்க வேண்டியது கேட்காது. கேட்கக்கூடாதது மட்டும் அரைகுறையாகக் கேட்கும்.

“யாருக்கு இழுக்குது? சம்பந்திக்கா? கண்ணு ஆபரேஷன்தானேடா பண்ணாங்க!”

“யாருக்கும் இழுக்கலம்மா! வண்டிதான் இழுக்கல!”

“இழுக்கலன்னா நல்லதுதானே? அதுக்கு ஏண்டா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்க? என்னமோ மறைக்கிறீங்க ரெண்டு பேரும்.”

மாப்பிள்ளை கை கழுவி வருவதற்குள் அம்மா சம்பந்தி இருந்த வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள். எடுத்தது சாட்சாத் சம்பந்தியே. அவர் குரலை அடையாளம் தெரியாமல், “கடைசியா ஒரு தடவை மூஞ்சியைப் பாத்துடறேன், நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க” என்று அவரிடமே அழுதாள்.

போன் மாப்பிள்ளையின் கைக்கு வந்தது.

“மாப்பிள்ளை, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றார் மாமனார் நிதானமாக. “அம்மாகிட்ட சொல்லுங்க. ஆமா, வண்டி இன்னும் இழுக்கலையாமே? சரியாயிடுச்சுன்னு சொன்னீங்க?”

பின்னால் சகலை சிரிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. மாப்பிள்ளைக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. பூமி பிளக்கிற நேரத்திலா பிளக்கிறது?

மறுநாள் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மானம் போனாலும் பரவாயில்லை, டாக்டரிடமே திருப்பிக் கேட்டுவிடுவது. கேட்டால் தொழில் தெரியாது என்று ஆகும். ஆகட்டும். வெல்டர் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்து கிளினிக்குக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

“டாக்டர்கிட்ட பேசணுங்க.”

“பேஷண்ட்டைப் பாத்துட்டு இருக்காருங்க. என்ன பிரச்சினை?”

“அது… இழுக்கறதுல கொஞ்சம்…”

“நரம்பு இழுக்குதா? அப்ப வேர்லதான் இருக்கும். சாயந்திரம் வாங்க, முதல் ஆளாப் போட்டிருக்கேன்.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அவள் போனை வைத்துவிட்டாள். ஒருவிதத்தில் நல்லதுதான், நேரில் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று சாயந்திரம் போனார். நாற்காலியில் சாய்த்து, மேலே விளக்கைப் போட்டு, வாயைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தார். உடனே ஒரு பக்கம் பஞ்சு, இன்னொரு பக்கம் தண்ணீர் உறிஞ்சும் குழாய், நடுவில் டாக்டரின் கண்ணாடி. டாக்டர் அன்று கோட்டில்லாமல் சட்டையோடு இருந்தார். மாப்பிள்ளை அதைப் பார்க்காததுபோல் விளக்கையே பார்த்தார்.

“அட, ஒர்க்ஷாப் மாப்பிள்ளையா? வண்டி விஷயம் பாத்துட்டு இருக்கீங்களா?”

“ஆ… ஆங்… ஆ…”

“அவசரமில்ல. வாரக் கடைசிக்குள்ள முடிஞ்சா நல்லது.”

“ஆங்… இ… உக்…”

“பேசாதீங்க. எந்தப் பல்லு வலிக்குது?”

மாப்பிள்ளை ஏதோ ஒரு பல்லைக் காட்டினார். டாக்டர் தட்டினார், ஊதினார், குத்திப் பார்த்தார். பஞ்சை எடுத்தார்.

“பல்லுல ஒண்ணுமில்ல. நல்லாருக்கறதை நான் தொட மாட்டேன். போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மாப்பிள்ளை எழுந்து நின்று, “டாக்டர், அந்த டிரெய்லர்…” என்றார். அறையில் அவரும் துப்புகிற தொட்டியும் மட்டும் இருந்தார்கள்.

வெளியே வந்தவருக்கு ஆத்திரம் பொங்கியது. டாக்டர் மேலோ வண்டி மேலோ இல்லை, தன் மேலேயே. எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். ஆழம் தெரியாமல் காலை விட்டாகிவிட்டது, இனி கரை எந்தப் பக்கமாக இருந்தால் என்ன.

மறுநாள் காலை, சைலன்சர் அடைத்திருக்கும் என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். தெருவில் இருந்த அத்தனை நாய்களும் குரைத்தன. பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் காதைப் பொத்தியபடி ஓடிவந்து, பரீட்சை நடக்கிறது என்று கத்தினார். மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டார். டீச்சருக்குக் கேட்கவில்லை. மாப்பிள்ளையும் கத்தி மன்னிப்புக் கேட்டார். பார்த்தவர்கள் இருவருக்கும் சண்டை என்று நினைத்துக் கூடிவிட்டார்கள்.

“கிளட்ச்சா இருக்குமோ?” என்று யாரோ கூட்டத்தில் சொன்னார்கள். வண்டி என்று வந்துவிட்டால் கூட்டத்தில் ஒரு மெக்கானிக் இல்லாமல் இருக்கமாட்டார்.

மாப்பிள்ளை அதையும் பிடித்துக்கொண்டார். டிரெய்லரில் கல்லை ஏற்றி, இருமலும் விசிலும் உறுமலுமாக ஏற்றத்தின் நடுவில் போய் நின்று, கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி ஆக்சிலேட்டரை அழுத்தினார். வண்டி நடுங்கியது. அழுத்தினார். கருகல் வாசனை வந்தது. வெல்டர் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டார்.

“எங்க போற?”

“குடும்பஸ்தன் மாப்ளே நான்.”

அதன் பிறகு கியர் போட்டாலும் போடாவிட்டாலும் வண்டிக்கு ஒன்றுதான். டிரெய்லர் என்ன, அது தன்னையே இழுக்கவில்லை. கல்லுக்காரர் தன் டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டினார். டிராக்டர் பிக்கப்பை இழுக்க, பிக்கப்பின் பின்னால் டிரெய்லர் உருள, ஊர்வலம் கடைத்தெரு வழியாக வந்தது. பிக்கப்பில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தார். சலவைக்கடை அக்கா வெள்ளைத் துணிகளை எல்லாம் அவசரமாக உள்ளே எடுத்தாள். பல் தேய்க்காமல் வந்தவனைப்போல் அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நேராகப் பார்த்தார்.

ஒர்க்ஷாப் வாசலில் சகலையின் கார் நின்றது. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு மாமனார் நின்றார்.

அவர் பிக்கப்பைச் சுற்றி வந்தார். கிழிந்த குழாயைத் தொட்டுப் பார்த்தார், தரையில் கிடந்த சைலன்சரைத் தாண்டினார், குனியக்கூடாது என்பதால் குனியாமல் மோந்து பார்த்தார்.

“கிளட்ச்சும் போச்சா?”

“போச்சு மாமா.”

“இன்னும் போகாம எது இருக்கு?”

மாப்பிள்ளை யோசித்துப் பார்த்தார். “ஹாரன் இருக்கு மாமா.”

வெல்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. சகலை காரிலிருந்து இறங்காமலே கண்ணாடியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார். அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் வந்தார். கூடவே அவர் மனைவியும் வந்தாள். வாரக் கடைசி என்பது இன்றுதான் என்பதே அப்போதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது.

டாக்டர் தன் வண்டியைப் பார்த்தார். அடையாளம் தெரியாமல் ஒர்க்ஷாப்பில் வேறு வண்டியைத் தேடினார். பிறகு மறுபடியும் அதையே பார்த்தார்.

“டாக்டர் கேட்டா என்ன சொல்லப் போறீங்க?” என்று மாமனார் தாழ்ந்த குரலில் கேட்டார். “நான் வேணும்னா ஏதாவது சொல்லிச் சமாளிக்கட்டுமா?”

மாப்பிள்ளைக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. பழைய டீசல் என்று சொல்லலாம், எலி கடித்தது என்று சொல்லலாம். மாமனார் சொன்னால் ஊரே நம்பும். ஆனால் போனை வேனின் மூக்கருகே பிடித்தது ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை அந்த வெட்கத்தைத் தாங்க உடம்பில் தெம்பில்லை. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டாக்டரின் முன்னால் போய் நின்றார்.

“டாக்டர், என்னால முடியல. வண்டி இழுக்கலன்னு சொன்னீங்க. காரணத்தை நான் கண்டுபிடிக்கல. எனக்குப் புரியலன்னு உங்ககிட்ட திருப்பிக் கேக்க வெக்கமா இருந்துச்சு. அந்த வெக்கத்துல ஒவ்வொண்ணாக் கழட்டி எல்லாத்தையும் கெடுத்துட்டேன். நான் கை வைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சமாவது இழுத்துச்சு. உங்க கோட்டுல கரி பட்டதும் என்னாலதான். பல்லு வலின்னு வந்தனே, அதுவும் பொய்தான். எல்லாத்தையும் நானே சரி பண்ணித் தரேன். மன்னிச்சுடுங்க.”

சொல்லி முடித்ததும் தலை தானாகக் குனிந்துகொண்டது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுன்ட்டர் அவர் கண்முன் வந்து நின்றது.

மாமனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஆபரேஷன் செய்த கண் சிவந்திருந்தது. ஆபரேஷன் செய்யாத கண்ணும் சிவந்திருந்தது.

“இத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ‘என்னால முடியல’ன்னு கஸ்டமர் மூஞ்சிக்கு நேராச் சொன்ன ஆளை நான் பாத்ததில்ல. நான்கூடச் சொன்னதில்ல.” அவர் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார், டாக்டரின் பக்கம் திரும்பினார். “டாக்டர், எங்க மெக்கானிக் சொல்றது சத்தியம். இவ்வளவு பாத்தும் பிடிபடலன்னா அது சாதாரணப் பழுது இல்ல. இனிமே ஒர்க்ஷாப் இவர் பொறுப்புதான். நானும் இவரும் சேந்து உக்காந்து, வண்டி ஏன் இழுக்கலன்னு கண்டுபிடிக்காம விட மாட்டோம்.”

எங்க மெக்கானிக்! மாப்பிள்ளையின் காது குளிர்ந்தது. சகலை கார்க் கண்ணாடியை மெல்ல ஏற்றிக்கொண்டார். வெல்டர்கூட ஒருமுறை மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

டாக்டர் வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். இதுவரை ஓரமாக நின்று வண்டியையே வெறித்துக்கொண்டிருந்த அவர் மனைவிதான் அவர் பக்கம் திரும்பி இடுப்பில் கை வைத்தாள்.

“ஏங்க, ‘வாங்கினதுலேந்து இதுவரைக்கும் ஒரு டிரெய்லரைக்கூட இழுக்கல, புதுசு மாதிரி இருக்கு, விக்கறதுக்கு ஒரு ஆளைப் பாத்து வைங்க’ன்னு முழுசாச் சொல்லிட்டு வாங்கன்னு சொல்லித்தானே அனுப்பினேன், நீங்க என்னத்தைச் சொன்னீங்க?”